டால்மேஷியக் கடலோரம்: முதல்முறை கார் எடுத்துப் போகிறவர்களுக்கு

தெற்கு ஐரோப்பா, வெயில், கடல் என்றதும் பலருக்கும் இத்தாலியோ ஸ்பெயினோதான் நினைவுக்கு வரும். முதல்முறையாக வெளிநாட்டில் தாங்களே கார் ஓட்ட நினைக்கிறவர்கள் என்னிடம் கேட்டால் நான் குரோஷியாவின் டால்மேஷியக் கரையைத்தான் சொல்வேன். வடக்கே ஸாதரிலிருந்து தெற்கே டுப்ரோவ்னிக் வரை அட்ரியாட்டிக் கடலை ஒட்டியே ஒரு சாலை போகிறது. 1960-களில் போட்டு முடித்த சாலை அது, எண் டி8. இடப்பக்கம் வெள்ளைச் சுண்ணாம்புப் பாறை மலை, வலப்பக்கம் நீலக் கடல், நடுவில் சாலை. மொத்த தூரமும் நானூறு கிலோமீட்டருக்குள்தான்.

நானூறு கிலோமீட்டர் என்றதும் சென்னையிலிருந்து மதுரை போகிற கணக்கு மனதில் ஓடும், ஒரே நாளில் முடித்துவிடலாமே என்று தோன்றும். முதல் தடவை நானும் அப்படித்தான் கணக்குப் போட்டேன். பத்து நாளில் ஒன்பது ஊர். தினமும் காலையில் பெட்டி கட்டி, மதியம் வண்டி நிறுத்த இடம் தேடி, மாலையில் புது வீட்டுச் சாவிக்குக் காத்திருந்ததுதான் அந்தப் பயணத்தில் நினைவிருக்கிறது. கடலில் இறங்கியது மூன்றே முறை. அடுத்த முறை ஐந்தே ஊர் வைத்தேன், அந்தக் கரை என்ன கொடுக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது. இந்தக் கட்டுரையில் எதை மறந்தாலும் பரவாயில்லை, ஊர்களின் எண்ணிக்கையைக் குறையுங்கள் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

மாதத்தை முதலில் முடிவு செய்யுங்கள்

ஜூன், செப்டம்பர் இரண்டும்தான் சரியான மாதங்கள். ஜூலை, ஆகஸ்டில் ஐரோப்பா முழுக்கப் பள்ளி விடுமுறை. அறை வாடகை ஏறிவிடும், சாலை நெரியும், பழைய நகரங்களின் சந்துகளில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நடக்க வேண்டியிருக்கும். ஆகஸ்ட் 15 மேரி மாதா விண்ணேற்புத் திருநாள், நாடே விடுமுறையில் இருக்கும். பெரும்பாலான வாடகை வீடுகளில் சனிக்கிழமைதான் ஆள் மாறும் நாள் என்பதால், கோடைச் சனிக்கிழமைகளில் நெடும்பயணம் வைத்துக்கொள்ளாதீர்கள்.

இரண்டில் ஒன்று என்றால் செப்டம்பரைச் சொல்வேன். கோடை முழுக்கச் சூடேறிய கடல் சட்டென்று ஆறிவிடாது. ஜூன் தொடக்கத்தில் தண்ணீரில் கால் வைத்தால் நம்மவர்களுக்குச் சிலிர்க்கும், செப்டம்பரில் குழந்தைகளும் மணிக்கணக்கில் கிடப்பார்கள். ஆனால் பகல் நீளமாக வேண்டும், இரவு எட்டரைக்குச் சூரியன் மறைவதைப் பார்க்க வேண்டும் என்றால் ஜூன்.

விசாவும், வரைபடத்தில் ஒரு சின்னக் கண்ணியும்

ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குள் போய்வர விடும் ஷெங்கன் பகுதியிலும் யூரோவிலும் குரோஷியா 2023 ஜனவரி 1 அன்று ஒரே நாளில் சேர்ந்தது. அதற்கு முன் எழுதிய பயணக் குறிப்புகளில் குனா என்ற பழைய நாணயமும் தனி விசாவும் இருக்கும், அவற்றை நம்ப வேண்டாம். இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு ஷெங்கன் விசா வேண்டும். பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், குறைந்தது 15 நாள் முன்பாவது கொடுத்திருக்க வேண்டும். கோடைக்கு முன் விண்ணப்பம் கொடுக்க நேரம் கிடைப்பது கடினம் என்பதால் மூன்று மாதம் முன்பே போய்விடுங்கள். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கட்டாயம். எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். பிரான்ஸ், ஜெர்மனி, சுவிட்சர்லாந்து போன்ற ஷெங்கன் நாடுகளின் வதிவிட அனுமதி வைத்திருப்பவர்களுக்கு இந்த வேலை இல்லை.

விண்ணப்பத்தில் பலமுறை நுழையும் அனுமதி கேளுங்கள். டால்மேஷியக் கரையில் ஓரிடத்தில் குரோஷியா அறுந்து, நெயும் என்ற ஊரைச் சுற்றி இருபது கிலோமீட்டர் போலக் கரை பொஸ்னியாவுக்குச் சொந்தமாகிறது. பொஸ்னியா ஷெங்கனில் இல்லை. கையில் ஒருமுறை நுழைவு விசா மட்டும் இருந்து, கூகுள் வரைபடம் காட்டியபடி நெயும் வழியாகப் போனால், நீங்கள் ஷெங்கனை விட்டு வெளியேறியதாகக் கணக்கு. மறுபடி குரோஷியாவுக்குள் நுழைய உங்களுக்கு விசா இருக்காது. டுப்ரோவ்னிக்கை நெருங்கும்போதே எல்லைக் காவலில் நிற்க வேண்டிவரும்.

நல்லவேளையாக இப்போது மாற்று வழி இருக்கிறது. 2022 ஜூலை 26 அன்று பெல்யெஷாட்ஸ் பாலம் திறந்தார்கள். 2,404 மீட்டர் நீளம், கட்டணம் கிடையாது, பொஸ்னியாவைத் தொடாமல் கடலுக்கு மேலாகவே அடுத்த குரோஷியக் கரைக்குக் கொண்டுபோய் விட்டுவிடும். அந்த வழியே போகும் நாளில் காலை கிளம்பும்போது வழிகாட்டிச் செயலியில் பாலத்தை ஒரு நிறுத்தமாகப் போட்டுவிடுங்கள், அது நெயும் பக்கம் இழுக்காது. பொஸ்னியாவில் மொஸ்தாரின் பழைய பாலத்தையோ மான்டிநீக்ரோவின் கோட்டோர் குடாவையோ ஒருநாள் பார்த்து வர ஆசை இருந்தாலும் இதே விசா விஷயம்தான். கார் நிறுவனத்திடம் எல்லை தாண்டும் அனுமதிச் சீட்டும் தனியாக வாங்க வேண்டும்.

கார்

பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி முதலில். இந்தியாவில் ஆர்டிஓ மூலம் கிடைக்கும், பரிவாகன் தளத்தில் விண்ணப்பிக்கலாம், ஓராண்டு செல்லும். இலங்கையில் ஆட்டோமொபைல் சங்கம் தருகிறது. அது உங்கள் உரிமத்தின் மொழிபெயர்ப்பு மட்டுமே, ஊர் உரிமமும் கையில் இருந்தால்தான் செல்லும். இரண்டையும் கொண்டுபோங்கள்.

வண்டி கையில் கிடைக்க இன்னொன்றும் வேண்டும்: ஓட்டுபவர் பெயரிலேயே கிரெடிட் கார்டு. முன்பணமாகக் கணிசமான தொகையை அதில் பிடித்து வைப்பார்கள், திருப்பி விட்ட பிறகுதான் விடுவிப்பார்கள். டெபிட் கார்டை நீட்டினால் பல இடங்களில் ஏற்பதில்லை, அல்லது அதிக விலைக் காப்பீட்டைத் தலையில் கட்டுவார்கள். கணவர் ஓட்டுவார், மனைவி கார்டில் பணம் கட்டலாம் என்ற ஏற்பாடு கவுன்டரில் உடைந்துபோகும்.

நம்மூரில் கியர் வண்டியே ஓட்டிப் பழகியிருந்தாலும் இங்கே ஆட்டோமேட்டிக் எடுங்கள். கொஞ்சம் விலை கூடுதல், முன்பே பதிவு செய்ய வேண்டும், இருந்தாலும் எடுங்கள். ஸ்டியரிங் இடப்பக்கம் போய்விடுகிறது, கியர் வலது கைக்கு வந்துவிடுகிறது, சாலையும் வலப்பக்கம். மூன்றையும் ஒரே நாளில் பழக வேண்டாம், ஒன்றையாவது குறைத்துக்கொள்ளலாம். சின்ன வண்டியாகவும் இருக்கட்டும். பழைய ஊர்களின் சந்துகள் கழுதை வண்டி போன காலத்து அகலம். நான்கு பேர், நான்கு பெரிய பெட்டி என்றால் பெட்டிகளைத்தான் குறைக்க வேண்டும்.

அடிப்படைக் காப்பீட்டில் கண்ணாடி, டயர், வண்டியின் அடிப்பாகம் பெரும்பாலும் சேராது. அதைக் கேட்டு, எழுத்தில் பார்த்துக் கையெழுத்திடுங்கள். வண்டி வாங்கியதும் கைப்பேசியில் ஒரு முழுச் சுற்று வீடியோ எடுங்கள்: நான்கு சக்கர விளிம்பு, பம்பரின் கீழ்ப்பகுதி, கண்ணாடி, எரிபொருள் முள், ஓடிய கிலோமீட்டர். ஒருமுறை நான் திருப்பி விட்டபோது சக்கர விளிம்பில் இருந்த பழைய கீறலுக்கு என்னிடம் பணம் கேட்டார்கள். முதல் நாள் எடுத்த வீடியோவைக் காட்டியதும் பேச்சு அத்தோடு முடிந்தது. ஸ்டெப்னி இருக்கிறதா, அல்லது பஞ்சர் ஒட்டும் பசை மட்டும்தானா என்றும் டிக்கியைத் திறந்து பாருங்கள். எச்சரிக்கை முக்கோணமும் பளிச்சிடும் மேலங்கியும் வண்டியில் இருக்க வேண்டும்.

ஒரு ஊரில் எடுத்து இன்னொரு ஊரில் விடக் கூடுதல் கட்டணம் உண்டு. இந்தப் பயணத்துக்கு அது தகும். வந்த வழியே திரும்பி ஓட்டுவதில் ஒரு நாள் போய்விடும். ஸாதரில் அல்லது ஸ்பிளிட்டில் எடுத்து டுப்ரோவ்னிக்கில் விடுங்கள், தலைகீழாக வேண்டாம். வலப்பக்கச் சாலையில் வடக்கிலிருந்து தெற்கே வரும்போது நீங்கள் கடல் பக்க ஓரத்தில் இருப்பீர்கள். வண்டி ஒதுக்கிப் படம் எடுக்கும் இடங்கள் எல்லாம் உங்கள் கைப்பக்கமே வரும். தெற்கிலிருந்து வந்தால் ஒவ்வொரு முறையும் எதிர் வண்டிகளைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போக வேண்டும், வளைவுகள் நிறைந்த சாலையில் அது ஆபத்து.

ஐரோப்பாவிலேயே வசித்து, சொந்த வண்டியில் ஆஸ்திரியா, ஸ்லோவேனியா வழியாக இறங்கி வருகிறவர்கள் அந்த இரு நாடுகளுக்கும் நெடுஞ்சாலை வில்லை, அதாவது குறிப்பிட்ட நாட்களுக்கான சுங்கச் சீட்டு, முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். குரோஷியாவின் ஏ1 நெடுஞ்சாலையில் வில்லை கிடையாது. நுழைவில் சீட்டு எடுத்து, இறங்கும் இடத்தில் தூரத்துக்கேற்பக் கட்டும் முறை. இதைக் கேமரா வழி வசூலாக மாற்றும் வேலை நடப்பதால் கிளம்பும் முன் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். கடலோர டி8 சாலைக்குச் சுங்கம் இல்லை.

வலப்பக்கம் ஓட்டுவது

விமானத்திலிருந்து இறங்கிய அன்றே ஓட்ட வேண்டாம். சென்னையிலிருந்து இரண்டு விமானம் மாறி வந்த கண்களுக்கு முதலில் தூக்கம்தான் வேண்டும். அன்று டாக்சியில் அறைக்குப் போய், மறுநாள் காலை வந்து வண்டி எடுங்கள். ஒருநாள் வாடகையும் மிச்சம்.

எடுத்ததும் நிறுத்துமிடத்திலேயே கால்மணி நேரம் சுற்றுங்கள். இண்டிகேட்டர் போட நினைத்தால் வைப்பர் ஓடும், ஏனென்றால் நம்மூர் வண்டிகள் பலவற்றில் இண்டிகேட்டர் வலது கைக்கு, அங்கே இடது கைக்கு. மனதில் வைக்க ஒரே ஒரு விதி போதும்: ஓட்டுநர் இருக்கை எப்போதும் சாலையின் நடுக்கோட்டை ஒட்டி இருக்க வேண்டும். நீங்கள் சாலையோரத்தை ஒட்டி உட்கார்ந்திருந்தால் தவறான பக்கத்தில் போகிறீர்கள். ரவுண்டானாவில் வண்டிகள் இடமிருந்து வரும், உள்ளே சுற்றுகிறவர்களுக்கே முன்னுரிமை.

நெரிசலில் தவறு நடக்காது, முன் வண்டியைப் பார்த்துப் போய்விடுவோம். தவறு நடப்பது காலையில், காலிச் சாலையில், பெட்ரோல் பங்கிலிருந்து வெளியே வரும்போது. கை பழக்கத்தில் இடப்பக்கம் திரும்பிவிடும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் ஒவ்வொரு திருப்பத்திலும் “வலது” என்று வாய்விட்டுச் சொல்லட்டும். மூன்று நாள் சொன்னால் பழகிவிடும். நாங்கள் கடைசி நாள்வரை சொன்னோம்.

ஊருக்குள் 50, வெளியே 90, நெடுஞ்சாலையில் 130 கிலோமீட்டர் வரம்பு. டி8 பல இடங்களில் ஒருபக்கம் ஒரே தடம், கீழே கடல். உள்ளூர்க்காரர்கள் பின்னால் ஒட்டி வருவார்கள். பதற வேண்டாம், அகலமான இடம் வந்ததும் ஒதுங்கி வழிவிட்டு மறுபடி நிதானமாகப் போங்கள். மலையிலிருந்து கடலை நோக்கி வீசும் புரா என்ற வறண்ட காற்றை மட்டும் மதியுங்கள். ஸாதருக்கு வடக்கே மஸ்லெனிட்சா பாலத்தில் அது பலமாக வீசும் நாட்களில் போக்குவரத்தையே நிறுத்திவிடுவார்கள். குளிர்காலத்தில்தான் அதிகம், ஆனாலும் வேனிலில் வராது என்றில்லை. சாலை உதவிக்கு 1987, எந்த அவசரத்துக்கும் 112.

வீடு பிடிக்கும்போது

சாலையோரம் எங்கும் “அப்பார்ட்மானி”, “ஸோபே” என்ற பலகைகள் தெரியும். முன்னது சமையலறையோடு கூடிய வீடு, பின்னது அறை. குடும்பத்தோடு போனால் வீடுதான் நல்லது. வீட்டுக்காரர் பெரும்பாலும் கீழ்த்தளத்திலேயே குடியிருப்பார், வந்ததும் அத்திப்பழமோ வீட்டில் காய்ச்சிய ராக்கியா என்ற பழச்சாராயமோ கொண்டுவந்து வைப்பார். கடவுச்சீட்டைக் கேட்பார், பயப்பட வேண்டாம், விருந்தினரை அரசுப் பதிவில் ஏற்றுவது அவர் கடமை.

முன்பதிவுக்கு முன் இரண்டு கேள்வி எழுதிக் கேளுங்கள். வண்டி நிறுத்த உங்கள் வீட்டிலேயே இடம் உண்டா? வண்டியிலிருந்து கதவுவரை எத்தனை படி? இந்தக் கரை முழுக்க மலைச்சரிவு. கடல் தெரியும் வீடு என்றால் எண்பது, நூறு படி சாதாரணம். அம்மா அப்பாவை அழைத்துப் போகிறவர்கள் படத்தில் தெரியும் கடலைவிட இந்தப் பதிலுக்கு அதிக மதிப்புக் கொடுக்க வேண்டும்.

2023 ஜூலை முதல் குரோஷியாவில் கடைகள் ஆண்டுக்கு 16 ஞாயிறு மட்டுமே திறக்கலாம் என்று சட்டம் இருக்கிறது. எந்தக் கடை எந்த ஞாயிறு என்று ஊகிக்க முடியாது, சனிக்கிழமையே அரிசி, பால், தயிர் வாங்கிவிடுங்கள். குழாய்த் தண்ணீர் குடிக்கலாம். பணம் எடுக்கும்போது சுற்றுலாத் தெருக்களில் தனியாக நிற்கும் ஏடிஎம்களைத் தவிர்த்து வங்கிச் சுவரில் இருப்பதைப் பயன்படுத்துங்கள். “ரூபாயில் மாற்றிக் கட்டவா?” என்று இயந்திரம் கேட்டால் வேண்டாம் என்று சொல்லி யூரோவிலேயே கட்டுங்கள், அந்த மாற்று விகிதம் எப்போதும் நமக்கு நட்டம்.

பத்து இரவு, ஐந்து ஊர்

ஸாதர் 2, ஸ்பிளிட் அல்லது த்ரோகிர் 3, மகார்ஸ்கா பக்கம் 2, ஸ்டோன் 1, டுப்ரோவ்னிக் 2. எந்த நாளிலும் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓட்ட வேண்டியிருக்காது. விமானம் ஸாக்ரெபில் இறக்கினால் வழியில் பிளிட்விட்சே ஏரிகளுக்கு ஒருநாள் கூட்டிக்கொள்ளுங்கள், பதினாறு ஏரிகள் அருவிகளாக ஒன்றிலொன்று கொட்டுகின்றன.

ஸாதரில் மாலையைக் கடற்கரைப் படிகளில் கழியுங்கள். 2005-இல் கட்டிடக் கலைஞர் நிகோலா பாஷிச் அந்தப் படிகளுக்கு அடியில் குழாய்கள் பதித்தார். அலை உள்ளே காற்றைத் தள்ள, படிகளே ஆர்கன் போல ஒலிக்கின்றன. கப்பல் ஒன்று கடந்து போனபின் வரும் பெரிய அலைகளுக்கு ஒலி கனத்து ஏறும். பக்கத்திலேயே பகலில் வெயிலைச் சேர்த்து இரவில் ஒளிரும் வட்டத் தரை, அவரே 2008-இல் செய்தது. சூரியன் மறைவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போய் இடம் பிடியுங்கள்.

மூன்றாம் நாள் டி8-இல் தெற்கே இறங்கி ஷிபெனிக். 1431-இல் தொடங்கி நூறாண்டுக்கு மேல் கட்டிய புனித யாக்கோபு பேராலயம் முழுக்கக் கல்லால் ஆனது, கூரை உட்பட. கற்கோயில் பார்த்து வளர்ந்த நம் கண்ணுக்கு அந்தக் கூரைப் பலகைகள் ஒன்றோடொன்று கொளுவி நிற்கும் விதம் தனி மகிழ்ச்சி. வெளிச்சுவரில் அந்த ஊர் மனிதர்களின் முகங்களை வரிசையாகச் செதுக்கி வைத்திருக்கிறார்கள், ஒவ்வொன்றாக நின்று பாருங்கள். அருகில் கர்கா அருவிகள். ஸ்க்ராதின் ஊரில் வண்டியை விட்டு, நுழைவுச் சீட்டிலேயே அடங்கும் படகில் போவது அழகு. கோடையில் சீட்டு 40 யூரோ வரை. பெரிய அருவியின் கீழ் குளிக்கும் படங்கள் இணையத்தில் இன்னும் சுற்றுகின்றன, ஆனால் 2021 முதல் அங்கே குளிக்கத் தடை. குளிப்பதற்காகவே என்றால் இதை விட்டுவிடலாம்.

ஸ்பிளிட்டில் மூன்று இரவு வைத்ததற்குக் காரணம் ஒரு அரண்மனை. ரோமப் பேரரசர் தியோகிளீஷியன் கி.பி. 305-இல் தானாகவே பதவி விலகி வந்து தங்கிய இடம். அது அருங்காட்சியகம் இல்லை, நகரத்தின் நடுப்பகுதியே அதுதான். அரசர் நடந்த கல்தரையில் இன்று குழந்தைகள் பள்ளிக்குப் போகிறார்கள், தூண்களுக்கு இடையில் துணி காய்கிறது. காலை ஏழு மணிக்குப் போனால் நடுமுற்றத்தில் எகிப்திலிருந்து கொண்டுவந்த கருங்கல் ஸ்பிங்ஸும் நீங்களும் மட்டும் இருப்பீர்கள். கிழக்குச் சுவரை ஒட்டிய காய்கறிச் சந்தைக்குப் பெயர் பசார். நம் பஜாரேதான், துருக்கியர் வழி அங்கே போய்ச் சேர்ந்த சொல்.

இங்கே வண்டியைத் தொடாதீர்கள். பழைய நகரத்துக்குள் வண்டி போகாது, துறைமுக ஓரத்தில் மணிக்கணக்கில் காசு ஏறும். நிறுத்துமிடங்கள் மண்டலங்களாகப் பிரிந்திருக்கும், மையத்துக்கு நெருங்க நெருங்க விலை கூடும். பலகையில் உள்ள எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்பிக் கட்டும் முறை வெளிநாட்டு சிம்மில் வேலை செய்யாமல் போகலாம், இயந்திரத்தில் நாணயம் போட்டுச் சீட்டை முன் கண்ணாடியில் வையுங்கள்.

ஒருநாளைத் தீவுக்குக் கொடுங்கள். முதல்முறை என்றால் ஹ்வாரைவிட பிராச் எளிது. ஸ்பிளிட்டிலிருந்து சுபெதாருக்கு வண்டியோடு படகில் ஐம்பது நிமிடம். சீட்டு வாங்கிவிட்டால் அந்த நேரப் படகில் இடம் உறுதி என்று நினைக்க வேண்டாம், வரிசையில் முன்னால் நிற்கும் வண்டிதான் ஏறும். கோடையில் ஒன்றரை மணி நேரம் முன்பே போய் நில்லுங்கள். அந்தத் தீவில் ‘போல்’ என்ற ஊரின் ஸ்லாட்னி ராட் கடற்கரை நாக்கு போலக் கடலுக்குள் நீண்டு, காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் ஏற்ப நுனி திரும்பும். தியோகிளீஷியனின் அரண்மனைக்குக் கல் போனது இந்தத் தீவிலிருந்துதான். வடகரையில் புச்சிஷ்சா ஊரில் கல்தச்சுப் பள்ளி இன்றும் நடக்கிறது. மாமல்லபுரத்தில் உளிச் சத்தம் கேட்டிருக்கிறவர்கள் அந்த ஊரைத் தவறவிடக் கூடாது. ஹ்வார் போவதென்றால் ஒன்று தெரிந்திருக்கட்டும், வண்டிப் படகு ஹ்வார் நகருக்குப் போகாது, ஸ்தாரி கிராதில்தான் இறக்கும்.

ஸ்பிளிட்டிலிருந்து மகார்ஸ்கா அறுபத்தைந்து கிலோமீட்டர் போலத்தான். இந்தப் பயணத்தின் அழகான பகுதி இதுவே, அரை நாள் கொடுங்கள். பாதியில் ஓமிஷ். செட்டினா ஆறு மலையைப் பிளந்துகொண்டு கடலில் சேரும் இடம், ஒரு காலத்தில் கடற்கொள்ளையர் கோட்டை. அங்கே சோபார்னிக் கேட்டு வாங்குங்கள். மெல்லிய மாவு இரண்டு அடுக்குக்கு நடுவே கீரையும் வெங்காயமும் வைத்து, தணலில் சுட்டு, மேலே பூண்டும் ஆலிவ் எண்ணெயும் தடவியது. இறைச்சி இல்லை. சைவக்காரர்களுக்கு இந்தக் கரையில் பீட்சா, பாஸ்தாவைத் தாண்டிக் கிடைக்கும் நல்ல சாப்பாடு இதுவும், கீரையும் உருளைக்கிழங்கும் சேர்த்த பிளித்வாவும்தான். மீன் சாப்பிடுகிறவர்களுக்குக் கவலையே இல்லை. கணவாய் மையில் கறுப்பாகச் சமைத்த சோற்றைக் குடும்ப உணவகமான கொனோபாக்களில் கேளுங்கள்.

ப்ரெலாவிலிருந்து மகார்ஸ்கா வரை பைன் மரங்கள் கடல்வரை இறங்கி நிற்கும். மணல் கிடையாது, வெள்ளைக் கூழாங்கல். தண்ணீர் அவ்வளவு தெளிவாக இருப்பதே அதனால்தான். உடம்பெல்லாம் கறுப்பு ஊசியோடு பாறைகளில் ஒட்டியிருக்கும் சிறு கடலுயிர்கள் உண்டு, மிதித்தால் முள் உள்ளேயே ஒடிந்துவிடும். முதல் ஊரிலேயே ரப்பர் நீர்ச்செருப்பு ஆளுக்கொன்று வாங்கிவிடுங்கள்.

தலைக்கு மேல் பியோகோவோ மலை, 1,762 மீட்டர். 1,228 மீட்டர் உயரத்தில் கண்ணாடித் தளம் ஒன்று இருக்கிறது, நேரம் குறித்த சீட்டை இணையத்தில் முன்பே எடுக்க வேண்டும். ஆனால் அந்த மலைச்சாலை ஒரு வண்டி அகலம்தான், எதிரே வண்டி வந்தால் ஒதுங்குமிடம்வரை பின்னோக்கி ஓட்ட வேண்டும். கொல்லிமலை, வால்பாறை ஓட்டிய கை என்றாலும் ஸ்டியரிங் பக்கம் மாறியிருக்கும்போது நான் பரிந்துரைக்க மாட்டேன். ஊரிலிருந்து சிறு வேனில் அழைத்துப் போகிறார்கள், அதில் போங்கள்.

தெற்கே நெரெத்வா ஆற்றின் கழிமுகம் சட்டென்று பச்சையாக விரியும். சாலையோரக் கடைகளில் கோடையில் அத்தி, தர்பூசணி, இலையுதிர் காலத்தில் மாண்டரின் ஆரஞ்சு. வாங்கிக்கொண்டு பாலத்தில் ஏறி ஸ்டோன். பழைய டுப்ரோவ்னிக் குடியரசு தன் உப்பளத்தைக் காக்க 14-ஆம் நூற்றாண்டில் மலைமேல் எழுப்பத் தொடங்கிய சுவர் இன்னும் ஐந்து கிலோமீட்டருக்கு மேல் நிற்கிறது, உப்பளத்திலும் இன்னும் உப்பு எடுக்கிறார்கள். பெரும்பாலோர் ஒரு மணி நேரம் நிறுத்திவிட்டுப் போய்விடுகிறார்கள், நான் ஒரு இரவு தங்கச் சொல்வேன். மாலை ஆறுக்கு மேல் பேருந்துகள் எல்லாம் போனபின் ஊர் அமைதியாகும். சுவர்மேல் மாலி ஸ்டோனுக்கு இறங்கி நடந்து, அந்தக் குடாவிலேயே வளர்ந்த சிப்பியை எலுமிச்சை பிழிந்து சாப்பிடலாம்.

மறுநாள் டுப்ரோவ்னிக்குக்கு ஐம்பது கிலோமீட்டர்தான். வழியில் த்ர்ஸ்தெனோவில் சாலையோரம் பல நூற்றாண்டு வயதுள்ள இரண்டு ராட்சத பிளேன் மரங்கள் நிற்கும், பக்கத்தில் பழைய தோட்டம். அங்கே மதியம்வரை நிழலில் இருங்கள்.

டுப்ரோவ்னிக் போய்ச் சேர்ந்ததும் பெட்டிகளை இறக்கிவிட்டு, பங்கில் எரிபொருள் நிரப்பி ரசீதைப் பத்திரப்படுத்தி, அன்றைக்கே காரைத் திருப்பி விட்டுவிடுங்கள். பழைய நகரம் முழுக்க நடைதான், சுவர் ஓரத்தில் வண்டி நிறுத்த ஆகும் காசில் இன்னொரு வேளை நன்றாகச் சாப்பிடலாம். லபாத் அல்லது குருஷ் பகுதியில் தங்கினால் பழைய நகரத்தின் பீலே வாசல்வரை நகரப் பேருந்து இருக்கிறது. 2025-இல் ஒருநாள் பாஸ் 40 யூரோ, அதிலேயே கோட்டைச் சுவரும் பேருந்தும் அடங்கும். சுவருக்கு மட்டும் வாங்குவதில் லாபம் இல்லை.

சுவரின் சுற்று 1,940 மீட்டர், நிழல் கிடையாது. காலை திறந்தவுடன் போங்கள், இல்லையென்றால் சொகுசுக் கப்பல்காரர்கள் திரும்பிப் போன பிறகு, மூடுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பு. தண்ணீரும் தொப்பியும் எடுத்துக்கொள்ளுங்கள். மேலிருந்து கூரைகளைக் கவனியுங்கள். பெரும்பாலானவை பளிச்சென்ற செம்மண் நிறம், அங்கங்கே சில மட்டும் மங்கிய பழுப்பு. 1991 முற்றுகையில் குண்டு விழுந்து மாற்றிய ஓடுகள் பளிச்சென்றவை, தப்பிய ஓடுகள் மங்கியவை. கடல் பக்கச் சுவரில் வந்ததும் உட்கார ஒரு கல் கிடைக்கும். எதிரே லோக்ரும் தீவு, கீழே பாறையிலிருந்து உள்ளூர்ப் பிள்ளைகள் கடலில் குதித்துக்கொண்டிருப்பார்கள்.